ஓய்வுக்குப் போகாதீர்கள்: பத்து நாள் விபாசனா முகாம், ஒரு மதிப்பீடு

மனசு சரியில்லை, பத்து நாள் எங்காவது போய் அமைதியாக இருந்துவிட்டு வரலாம் என்று புலம்புகிறவரிடம் யாராவது ஒரு நண்பர் விபாசனா தியான முகாமைச் சொல்லிவிடுகிறார். கட்டணம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு, யாரிடமும் பேச வேண்டியதில்லை, கைபேசியும் இல்லை. கேட்பதற்கு மலையோர விடுதி போல இருக்கும். அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால் வேறு சங்கதி. விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கிறார்கள். 4.30 முதல் 6.30 வரை தியானம். பிறகு 8 முதல் 11, பிற்பகல் 1 முதல் 5, மாலை 6 முதல் 7, இரவு 8.15 முதல் 9. மொத்தம் பத்தே முக்கால் மணி நேரம். நடுவில் 7 மணிக்கு ஒன்றேகால் மணி நேரச் சொற்பொழிவு. அதையும் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

ஓய்வு என்று நினைத்துப் போனால் மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டத் தோன்றும். தச்சுவேலை, தையல் போல ஒரு கைத்தொழிலைப் பழகப் போகிறோம் என்று போனால், இந்தியாவில் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் பயிற்சிகள் குறைவு என்பது தெரியும். சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு வேலை: உடம்பில் எழும் உணர்ச்சியை, அது சுகமோ வலியோ, எதிர்வினை காட்டாமல் கவனிப்பது.

இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் சத்ய நாராயண கோயங்கா. 1924இல் மியான்மரின் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகர். அவருக்குக் கற்றுக்கொடுத்த ஊ பா கின், சுதந்திர பர்மாவின் கணக்குத்துறைத் தலைவராக இருந்தவர். குரு அரசு கணக்கர், சீடர் வியாபாரி. முகாமின் நேர ஒழுங்கைப் பார்த்தால் இந்தப் பூர்வீகம் சட்டென்று புரிந்துவிடும். 1969இல் இந்தியா வந்த கோயங்கா அதே ஆண்டு மும்பையில் முதல் முகாமை நடத்தினார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் உள்ள தம்மகிரி மையம் 1976இல் தொடங்கியது. அவர் 2013இல் காலமான பிறகும் எல்லா மையங்களிலும் ஒலிப்பது அவர் குரல்தான். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் போவது சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேதுவுக்கு. திருவண்ணாமலையிலும் மையம் இருக்கிறது. இலங்கைவாசிகளுக்குக் கண்டி, பேராதனைப் பக்கத்தில் தம்மகூட. அட்டவணை எங்கும் ஒன்றே என்பதால் எந்த மையம் என்று அதிகம் யோசிக்க வேண்டாம். வெயில், கொசு, அறையில் எத்தனை பேர், சாப்பாட்டின் ருசி, இவைதான் மாறும்.

முதலில் விடுப்புக் கணக்கு. பேர்தான் பத்து நாள். சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்தால் நாட்காட்டியில் பன்னிரண்டு தேதிகள் போகும். புதன்கிழமை மாலை சேர்ந்து அடுத்த வாரத்து ஞாயிறு காலை முடிகிற முகாம் என்றால், வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு எட்டு நாள் விடுப்பு. சனிக்கிழமையும் வேலை உள்ளவருக்குப் பத்து. புதியவர்களுக்கு இதைவிடச் சின்ன முகாம் கிடையாது. ஒரு நாள், மூன்று நாள் முகாம்கள் என்று பட்டியலில் தெரிவதெல்லாம் ஏற்கெனவே பத்து நாள் முடித்த ‘பழைய மாணவர்’களுக்கு. ஐந்து நாளோடு வந்துவிடலாமா என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுப் பயனில்லை.

விண்ணப்பம் இணையத்தில்தான். கோடை விடுமுறை மாதங்கள் வேகமாக நிரம்பும். ஆண், பெண் இருபாலருக்கும் இடங்கள் தனித்தனிக் கணக்கு. கணவருக்கு இடம் கிடைத்து மனைவி காத்திருப்போர் பட்டியலில் இருப்பது சகஜம். பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இடம் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்ததோடு வேலை முடிவதில்லை. முகாம் நெருங்கும்போது வருகையை மறுபடி உறுதி செய்யச் சொல்லிக் கேட்பார்கள். பதில் போடாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அந்த மடல் விளம்பரக் குப்பைக்குள் விழுந்து கிடக்கும், தேடிப் பாருங்கள். மொழியையும் அட்டவணையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சொற்பொழிவுகளுக்குத் தமிழ் ஒலிப்பதிவு இருக்கிறது, ஆனால் எந்த முகாமில் எந்த மொழி என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்று தலையாட்டிவிட்டுப் போனால், களைத்துப்போன இரவு 7 மணிக்கு அந்த ஓரளவும் கைகொடுக்காது.

விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிய கேள்விகள் நிறைய. இங்கே மறைப்பதுதான் மிகப் பெரிய தவறு. தீவிர மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனப்பிளவு போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்களை மையம் நிறுத்தி வைக்கலாம், மருத்துவர் கடிதம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். அதில் நியாயம் இருக்கிறது. பேச்சு இல்லை, வாசிப்பு இல்லை, தூக்கம் குறைவு, நாள் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது. நலமாக இருப்பவரையே இது ஆட்டும். அங்கே இருப்பது மனநல மருத்துவமனை இல்லை. இரவு இரண்டு மணிக்குப் பதற்றம் வந்தால் கதவைத் தட்டக் கூடியவர் ஒரு தன்னார்வத் தொண்டர்தான். மாத்திரை சாப்பிடுபவர்கள் முகாமுக்காக அதை நிறுத்தவே கூடாது. பன்னிரண்டு நாளுக்குப் பதில் பதினைந்து நாளுக்கு எடுத்துப் போங்கள். அண்மையில் நெருங்கிய ஒருவரை இழந்தவர்கள், விவாகரத்து வழக்கின் நடுவில் நிற்பவர்கள், குடியை விட்டு இரண்டு வாரமே ஆனவர்கள் ஆறு மாதம் பொறுப்பது நல்லது.

திருமுடிவாக்கத்துக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து திருநீர்மலை வழியாக ஆட்டோ. விமான நிலையமும் பக்கம்தான். மதியச் சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொண்டு பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் பதிவு, அறை ஒதுக்கீடு, கைபேசி ஒப்படைப்பு எல்லாம் நிதானமாக நடக்கும். அன்று இரவே மௌனம் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன் வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லி, மைய அலுவலக எண்ணையும் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் அந்த எண் வழியாகச் செய்தி வந்து சேரும்.

பையில் எது வேண்டும் என்பதை மையமே பட்டியலாக அனுப்பும். மறக்கக் கூடாத சில: அலாரம் கடிகாரம் (கைபேசியைக் கொடுத்துவிட்டால் நேரம் தெரியாது), டார்ச், குடை, வாரில்லாத செருப்பு, மின்விசிறிக்குக் கீழே உட்காரும்போது போர்த்த ஒரு மெல்லிய துண்டு, கொசுவுக்குப் பூசும் களிம்பு. உயிர்க்கொலை கூடாது என்பது முதல் விதி, ஆகவே கொசுமட்டைக்கு வேலையில்லை. உடை தளர்வாக, சத்தமில்லாமல் இருக்கட்டும். நூறு பேர் மூச்சைக் கவனிக்கும் கூடத்தில் ஒரு நைலான் கால்சட்டையின் சரசரப்பும் ஒரு கொலுசும் போதும். வாசனைத் திரவியமும் வேண்டாம்.

இனி உட்காருவது. இந்த முகாமில் கோளாறாகும் விஷயங்களில் பாதிக்கு மேல் தத்துவத்தில் இல்லை, முட்டியில் இருக்கிறது. நாற்காலியில் பத்து வருடம் வேலை பார்த்த இடுப்பு, திடீரென்று சம்மணத்தில் பத்து மணி நேரம் மடங்காது. மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். எல்லா வேளையும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதல் வாரம் காலை மாலை இருபது நிமிடம், இரண்டாம் வாரம் அரை மணி, மூன்றாம் வாரம் முக்கால் மணி அசையாமல் உட்கார்ந்து பழகுங்கள்.

கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மெத்தையும் மேலே வைக்கத் திண்டும் தருவார்கள். புதியவர்கள் செய்யும் தவறு, திண்டு வேண்டாம் என்று கெத்தாக மெத்தையிலேயே உட்காருவது. இடுப்பு முட்டியைவிடத் தாழ்ந்திருந்தால் கீழ்முதுகு பின்னால் வளையும். அரை மணியில் தோள்பட்டை வரை வலி ஏறும். இடுப்பு நான்கைந்து விரற்கிடை உயர்ந்து, முட்டிகள் இரண்டும் கீழே படிய வேண்டும். படியாத முட்டிக்கு அடியில் ஒரு சின்னத் திண்டு. தரையில் அழுந்தும் கணுக்காலுக்கு அடியில் மடித்த துண்டு. இரண்டாம் நாள் ஆனதும் சிலர் திண்டுக் கிடங்கிலிருந்து ஏழெட்டை அள்ளிவந்து கோட்டை கட்டுவார்கள். அதுவும் உதவாது. உயரம் கூடக்கூட ஆட்டம் கூடும், ஆட்டத்தைச் சமாளிக்கத் தசை இறுகும். மூன்று திண்டுக்கு மேல் தேவைப்பட்டால் உங்களுக்கு வேண்டியது நாற்காலி. முட்டித் தேய்மானம், முதுகெலும்புத் தொந்தரவு உள்ளவர்கள் நாற்காலியையோ சாய்மானத்தையோ பதிவு செய்யும் அன்றே கேட்டுவிட வேண்டும். நான்காம் நாள் கேட்டால், வலியைத் தாங்காமல் கேட்கிறீர்களா, உண்மையிலேயே முடியவில்லையா என்று ஆசிரியருக்குச் சந்தேகம் வரும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் யாரும் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை. கால் மரத்துப்போவது வேறு, மூட்டு வலி வேறு. மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். நீட்டினால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும், பயப்பட வேண்டாம். தொடை, பிட்டம், முதுகுத் தசைகளில் எரிச்சலாகப் பரவும் வலியும் கவனிக்கத் தகுந்த வலிதான், அங்கேதான் பயிற்சி. ஆனால் முட்டியின் உள்பக்கம் ஊசி குத்துவதுபோல் ஓரிடத்தில் நிற்கும் வலி, எழுந்த பிறகும் மாடிப்படியில் தொடரும் வலி, மூட்டு சவ்வின் முறையீடு. ‘எல்லாம் அநித்தியம்’ என்று அதைக் கவனித்துக்கொண்டிருந்தால் எலும்பு மருத்துவரிடம்தான் முடியும். உடனே நிலையை மாற்றுங்கள்.

கற்றுக்கொடுக்கும் வரிசை கச்சிதமானது. முதல் மூன்றரை நாள் ஆனாபானம், அதாவது இயல்பான மூச்சு வந்து போவதைக் கவனிப்பது. மூச்சைக் கட்டுப்படுத்தக் கூடாது, மந்திரம் சேர்க்கக் கூடாது, உருவம் நினைக்கக் கூடாது. கவனிக்கும் இடம் நாளுக்கு நாள் சுருங்கும்: மூக்கு முழுவதும், பிறகு மூச்சு தொடும் இடம், பிறகு மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறு பகுதி. பிராணாயாமம் பழகியவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு மூச்சு தன்னால் ஒழுங்குக்கு வந்துவிடும், இயல்பு மூச்சு அகப்படாது. நான்காம் நாள் பிற்பகல் விபாசனா: உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை பகுதி பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கங்கே இருக்கும் சூடு, அரிப்பு, துடிப்பு, அழுத்தம் எதுவானாலும் அறிந்து தாண்டுவது. அந்த அமர்வு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நடுவில் எழுந்து போக முடியாது. முன்னதாகக் கழிப்பறை போய்விட்டு வாருங்கள். (சிரிக்காதீர்கள், இரண்டாவது மணி நேரத்தில் இதைத் தவிர வேறெதையும் கவனிக்க முடியாது.)

அதன் பிறகு தினமும் மூன்று கூட்டு அமர்வுகளில் ‘அதிட்டானம்’: ஒரு மணி நேரம் கண், கை, கால் திறக்காமல், மாற்றாமல் இருப்பது. ஐந்தாம் ஆறாம் நாட்களில் கூடத்தில் பெருமூச்சுகள் கேட்கும். முதல் முறை இருபது நிமிடத்தில் காலை நீட்டியவர் தோற்றவர் இல்லை. ஐந்து நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தால் அடுத்த அமர்வில் பத்து ஆகும். உண்மையான சறுக்கல் ஏழாம் நாளுக்குப் பிறகு வருகிறது. சிலருக்கு உடம்பெங்கும் மெல்லிய அதிர்வு ஓடுவதுபோல் இருக்கும், இதமாக இருக்கும். அடுத்த அமர்விலும் அதையே தேட ஆரம்பித்தால் பயிற்சி தலைகீழாகிவிட்டது. வலியை வெறுத்தது போய் இப்போது சுகத்துக்கு அலைச்சல். பத்தாம் நாள் காலை மைத்ரீ தியானம் (எல்லா உயிர்களுக்கும் நலம் நினைப்பது) முடிந்து மௌனம் கலைந்ததும் ‘எனக்கு மின்சாரம் மாதிரி ஓடுச்சு, உங்களுக்கு?’ என்று ஒப்பிடும் பேச்சு தொடங்கும். விலகி நடப்பது உத்தமம்.

சாப்பாடு எளிய சைவம், குறை சொல்ல அதிகம் இல்லை. காலை 6.30, பகல் 11, மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழம், பொரி, தேநீர் அல்லது பால். இரவுச் சாப்பாடு கிடையாது. பசியைவிட மலச்சிக்கல்தான் தொல்லை. அசைவு குறைவு, பழக்கமில்லாத நேரம், தண்ணீர் குடிக்கச் சோம்பல். நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், இடைவேளைகளில் நடைபாதையில் விடாத நடை. மதியம் 11 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டவர் 1 மணி அமர்வில் தூங்குவார், சந்தேகமே வேண்டாம். முக்கால் வயிறு போதும். ஒரு நாளைக்கு நான்கைந்து டம்ளர் பில்டர் காபி குடிப்பவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே இரண்டாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு நாள் மண்டையிடியைக் கோயங்கா மேல் போடுவீர்கள்.

ஆசிரியர்கள் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. போதனை முழுவதும் ஒலிப்பதிவும் காணொளியும்தான். முன்னால் உட்கார்ந்திருப்பவர் உதவி ஆசிரியர். மதியம் 12 முதல் 1 வரையிலும் இரவு 9 மணிக்கும் அவரிடம் கேட்கலாம். சில நிமிடங்கள் கிடைக்கும், பெரும்பாலும் ‘கவனியுங்கள், சமநிலையில் இருங்கள்’ என்ற பதில் கிடைக்கும். பயிற்சி சிதையாமல் எல்லா ஊரிலும் ஒரேபோல் இருப்பதற்கு இதுவே காரணம். உங்கள் குறிப்பிட்ட சிக்கலுக்குக் குறிப்பான பதில் கிடைக்காததற்கும் இதுவே காரணம். பொதுவாகக் கேட்காமல் ‘இடது தோளில் எந்த உணர்ச்சியும் தெரியவில்லை, எவ்வளவு நேரம் அங்கே நிற்பது?’ என்று துல்லியமாகக் கேட்டால் துல்லியமான பதில் வரும். ஒரு நிமிடம் நின்று நகருங்கள் என்பார்.

சொற்பொழிவுகளில் கோயங்கா நல்ல கதைசொல்லி. ஒற்றைத் தலைவலிக்கு மார்பின் ஊசி போட்டுக்கொண்ட தன் கதையையே கேலியாகச் சொல்வார். ‘இது எந்த மதத்துக்கும் உரியதல்ல’ என்று திரும்பத் திரும்ப வரும். பயிற்சியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சொற்பொழிவில் மறுபிறவி, சங்காரா (மனத்தில் படிந்துபோன எதிர்வினைகள்), புத்தர், தம்மம், சங்கம் எல்லாம் உண்டு, பாலி மொழிப் பாராயணம் உண்டு. இயற்பியல் சாயலில் சொல்லப்படும் சிலவற்றை உவமையாக எடுத்துக்கொள்வது நல்லது. ஏற்காததைத் தள்ளிவைத்துவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே, பிடிக்காத ஏலக்காயை எடுத்து வைத்துவிட்டுப் பாயசத்தைச் சாப்பிடும் கதை சொல்லித் தப்பிக்க வழி விடுகிறார்.

பத்து நாளும் சொந்த வழிபாடு, ஜபம், தொழுகை, யோகாசனம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். தாயத்து, ருத்திராட்சம், ஜபமாலையையும் வெளியில் வைக்க வேண்டும். தினப்படி பூசையையோ ஐவேளைத் தொழுகையையோ விட மனமில்லாதவர் அங்கே போய் வாதாடுவதைவிட வீட்டிலேயே முடிவெடுப்பது நல்லது. ஆண், பெண் பகுதிகள் முழுக்கத் தனி. தம்பதியராகப் போனாலும் பத்தாம் நாள்தான் பேச்சு. திருநர்களுக்கு இந்த இரட்டைப் பிரிப்பில் இடம் எங்கே என்பது விண்ணப்பத்துக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி.

அதே ஒழுங்குதான் வேறொன்றையும் செய்கிறது. பெயர், ஊர், வேலை, சாதி எதையும் கேட்க வாய்ப்பில்லாமல் பத்து நாள் ஒரே வரிசையில் தட்டைக் கழுவுகிறார்கள். பக்கத்துத் திண்டில் இருப்பவர் ஆட்டோ ஓட்டுநரா அமைச்சகச் செயலரா என்பது பத்தாம் நாள் வரை தெரியாது. நம் ஊரில் ஐந்து நிமிட ரயில் பேச்சிலேயே ‘நீங்க எந்தப் பக்கம்?’ வந்துவிடும் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. சிறைகளிலும் இதே முகாம்தான், இதே அட்டவணைதான்: 1975இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறை, 1994இல் கிரண் பேடி அதிகாரியாக இருந்தபோது திகாரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள்.

நன்கொடை முகாமை முடித்தவர்களிடம் மட்டும், அதுவும் இறுதியில் மட்டும் வாங்குகிறார்கள். தொகை உங்கள் விருப்பம். உங்கள் பத்து நாளுக்கு முன்னால் வந்த யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. கொடுக்க முடியாதவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

பதினோராம் நாள் காலை ஏழரை வாக்கில் எல்லாம் முடிந்தாலும் அறையைப் பெருக்கி, கைபேசியை வாங்கி வெளியேற நேரமாகும். காலை ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். தென்மாவட்டக்காரர்களுக்கு மதியம் எழும்பூரிலிருந்து கிளம்பும் வைகை தாம்பரத்தில் நிற்கும், அது வசதி. சொந்த வண்டியில் வந்தவர்கள் அன்று நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம். பல்லாவரத்து ஹாரன் சத்தமே அதிகமாகத் தெரியும். வேலையை விடுவது, காதலைச் சொல்வது, பத்து வருடப் பகையாளிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது போன்ற எதையும் முதல் வாரத்தில் செய்யாதீர்கள். அந்தத் தெளிவு உண்மைதான், ஆனால் அதில் பாதி தூக்கக் குறைவு.

வீட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் இது நடக்காது, மூன்றாம் வாரம் இரண்டும் நின்றுவிடும். ஐந்தரை மணிக்கு அரை மணி நேரம் மட்டும் என்று தொடங்கியவர்கள்தான் ஒரு வருடம் கழித்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். தனியாக முடியாதவர்களுக்குப் பல ஊர்களில் வாராந்தரக் கூட்டு அமர்வு உண்டு. எங்கே என்று மையத்திலேயே கிளம்பும் அன்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பழைய மாணவருக்கு மதியத்துக்குப் பிறகு உணவு இல்லை என்பது கூடுதல் விதி. ஐந்து மணிக்குப் பொரித் தட்டைத் தாண்டிப் போய் எலுமிச்சைத் தண்ணீரை எடுத்துக்கொள்ள வேண்டும்.